தென்தீவுப் பயணம்: கேம்பர் வேனா, காரும் அறையுமா?

சர்க்கரைப்பொங்கல்:
பிப்ரவரியில் நானும் மனைவியும் 14 நாள் நியூசிலாந்தின் தென்தீவைச் சுற்றப் போகிறோம். கிறைஸ்ட்சர்ச்சில் தொடங்கி டெகாப்போ, மவுண்ட் குக், வானகா, ஹாஸ்ட் கணவாய், மேற்குக் கரை, ஆர்தர்ஸ் பாஸ், திரும்பவும் கிறைஸ்ட்சர்ச். கட்டிலும் அடுப்பும் உள்ள சின்ன கேம்பர் வேன் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. கழிப்பறை என்று தனியாக இல்லை, கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து எடுக்கும் ஒரு பெட்டிதான். ஏரிக்கரை, ஆற்றங்கரை என்று நினைத்த இடத்தில் தூங்கலாம் என்பது திட்டம். சரிதானா?

மலையாடு:
கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். புக்காக்கி ஏரிக்கரையில் விடிகாலை பின்கதவைத் திறந்தால் 3,724 மீட்டர் மவுண்ட் குக் எதிரே நிற்கும். பனியாறு அரைத்த கல்மாவு கலந்த தண்ணீர், அதனால்தான் ஏரிக்கு அப்படியொரு வெளிர்நீலம். கையில் காபி. விடுதி அறை என்றால் பத்து மணிக்குச் சாவியைக் கேட்பார்கள்.

கறார்கணக்கு:
"நினைத்த இடத்தில்" என்பதை முதலில் அழியுங்கள். 2011இல் வந்த சட்டத்தை 2023இல் இறுக்கிவிட்டார்கள். உள்ளாட்சி நிலத்தில் பொதுவாக 'செல்ஃப் கன்டெய்ன்ட்' (தண்ணீர், கழிவு வசதி எல்லாம் வண்டியிலேயே இருக்கிறது என்ற) சான்று உள்ள வண்டிதான் இரவு தங்கலாம். அந்தச் சான்றுக்குக் கழிப்பறை வண்டியோடு நிலையாகப் பொருத்தியிருக்க வேண்டும். உங்கள் பெட்டி செல்லாது. மாட்டினால் 400 டாலர் அபராதம். மலையாடு காபி குடித்த கரையும் சான்று உள்ள வண்டிக்குத்தான். இன்னொன்று, டீசல் வேனுக்குச் சாலை வரி பெட்ரோல் பங்க்கோடு முடியாது. ஓடிய கிலோமீட்டருக்குத் தனியாகக் கட்டவேண்டும்.

மலையாடு:
சட்டத்தை மறுக்கவில்லை சார். சான்று இல்லாதவர்களுக்கும் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாம்கள் இருக்கின்றனவே. மவுண்ட் குக்கில் ஒயிட் ஹார்ஸ் ஹில்: கட்டணம் உண்டு, கழிப்பறையும் உண்டு. ஹூக்கர் பள்ளத்தாக்கு நடைபாதை அங்கிருந்தே தொடங்குகிறது.

கறார்கணக்கு:
மேற்குக் கரை மணல் ஈக்களுக்கு என்ன பதில்? 1773இல் தென்தீவின் தென்மேற்குக் கரையில் டஸ்கி சவுண்டில் கப்பலை நிறுத்திய கேப்டன் குக்கே அவற்றைப் பற்றிப் புலம்பி எழுதியிருக்கிறார்.

மலையாடு:
இருட்டிய பின் கடிக்காது.

கறார்கணக்கு:
பிப்ரவரியில் அங்கே இருட்ட ஒன்பது மணி தாண்டும். அதுவரை வேனுக்குள் புழுங்கிக்கொண்டு பட்டினியா?

பூவரசு:
போன வருடம் நானும் என் கணவரும் இதே பாதையில் கேம்பரில் போனோம். ஹாஸ்ட்டில் இரண்டு நாள் விடாத மழை. கட்டிலை மடித்தால்தான் மேசை; ஒருவர் எழுந்தால் மற்றவர் உட்கார வேண்டும். கேம்பர் என்றாலே எல்லோரும் "செலவு மிச்சம்" என்கிறார்கள். அது வெளியே சாப்பிடாததால் வருவது. சமைத்தது யார், பாத்திரம் கழுவியது யார்? கழிப்பறை கேசட்டை, அதாவது கழிவு சேரும் பெட்டியை, டம்ப் ஸ்டேஷன் என்ற கழிவு கொட்டும் இடத்தில் காலி செய்ய வேண்டும். அவர் ஒரு நாள்கூட அதைத் தொடவில்லை. ஆர்தர்ஸ் பாஸில் கியா கிளி ஜன்னல் ரப்பரைக் கொத்திக் கிழித்தது, அதற்கும் வேனை வாடகைக்கு விட்டவர்கள் பணம் பிடித்தார்கள்.

அப்புறமும் கேம்பர் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. டெகாப்போவைச் சுற்றியுள்ள பகுதி 2012 முதல் இருள்வானக் காப்பகம்; நட்சத்திரங்கள் தெரிய இரவு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி. நள்ளிரவில் விழிப்பு வந்து, கதவைத் தள்ளி, போர்வையோடு உட்கார்ந்தபடி மெகல்லன் மேகங்கள் என்ற இரண்டு குட்டி விண்மீன் மண்டலங்களைப் பார்த்தேன். அறையில் இருந்திருந்தால் எழுந்தே இருக்க மாட்டேன்.

சர்க்கரைப்பொங்கல்:
மலிவு வேனை ரத்து செய்துவிட்டேன். வானகா பக்கத்து ஊரான குவீன்ஸ்டவுன் வரை சான்று உள்ள வேன். அங்கே அதை ஒப்படைத்துவிட்டு மேற்குக் கரைக்குக் காரும் அறையும்.

கறார்கணக்கு:
எடுத்த ஊரில் விடாவிட்டால் வேனுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

பூவரசு:
கேசட்?

சர்க்கரைப்பொங்கல்:
நீங்கள் எழுதியதை மனைவி படித்துவிட்டாள். கேசட் என் வேலை என்று முடிவாகிவிட்டது. பாத்திரம் பற்றிப் பேச்சுவார்த்தை நடக்கிறது.