அப்பாவின் கால் புண்ணுக்கு நானோ சில்வர் ஜெல்: வேலை செய்யுமா?

சாத்தூர்க்காரன்:
அப்பாவுக்கு வயது 67, சுகர் இருபது வருடமாக. ஜனவரியில் புதுச் செருப்பு கடித்து வலது கட்டைவிரலுக்குக் கீழே வந்த புண் இன்னும் ஆறவில்லை. புண்ணில் எடுத்த கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் சூடோமோனாஸ் என்ற கிருமி. கீழே பதினான்கு மருந்துகள், பன்னிரண்டுக்கு நேராக 'ரெசிஸ்டன்ட்', அதாவது கிருமி அடங்காது. மிச்சம் அமிகாசின், கோலிஸ்டின் என்ற இரண்டு ஊசி மருந்துகள்தான். இரண்டுமே கிட்னியைப் பதம் பார்க்குமாம். அப்பாவுக்குக் கிட்னி வேலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏற்கெனவே 1.8, கூடுதல்தான். இப்போது நானோ சில்வர் ஜெல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். விலையைப் பார்த்துவிட்டு அம்மா, "வெள்ளியத்தான் பூசணும்னா எங் கொலுசக் கழட்டித் தாரேன்" என்றாள். எனக்கும் அதே சந்தேகம்தான். இதைப் பூசினால் ஊசி வேண்டாமா? சொந்தக்காரர் ஒருவர் வெள்ளித் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து, குடித்தால் ரத்தம் சுத்தமாகும் என்கிறார்.

லேப் அக்கா:
தம்பி, முதலில் அந்தப் பாட்டிலைத் தூக்கி எறியுங்கள். தொடர்ந்து குடித்தால் வெள்ளி தோலில் படிந்து முகம் நீலச் சாம்பலாகிவிடும், திரும்பாது. கடையில் விற்கும் வெள்ளிக் கரைசல் மருந்துகள் பாதுகாப்பானவையும் இல்லை, பலன் தருபவையும் இல்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1999-லேயே சொல்லிவிட்டது.

அம்மாவின் கேள்வி நல்ல கேள்வி. கிருமியைக் கொல்வது வெள்ளியின் மேற்பரப்பிலிருந்து கரைந்து வரும் அயனி, அதாவது மின்னேற்றம் கொண்ட வெள்ளி அணு. கொலுசில் பெரும்பகுதி வெள்ளி உள்ளே சும்மா கிடக்கிறது. அதையே பத்து நானோமீட்டர் துகள்களாக்கினால் எங்கு பார்த்தாலும் மேற்பரப்புதான். அப்படி இருநூறு துகளை வரிசையாக வைத்தால்தான் ஒரு சூடோமோனாஸ் நீளம் வரும். ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் ஒரே இடத்தைக் குறிவைக்கும்; கிருமி அந்த இடத்தை மாற்றிக்கொண்டால் தப்பிவிடும். வெள்ளி வெளிச்சவ்வையும் தாக்கும், கந்தகம் உள்ள புரதங்களையும் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் மருந்துக்கு அடங்காததும் இதற்குச் சாகிறது.

பத்தொன்பது வருடமாக லேபில் கிருமி வளர்க்கும் தட்டு பார்க்கிறேன். மூடியைத் திறந்ததும் திராட்சை வாசனை, பச்சை நிறம், மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் வில்லையை ஒட்டியே, அதற்குச் சாகாமல் வளர்ந்து நிற்கும் கிருமி. வயிற்றைக் கலக்கும் காட்சி அது. ஒருமுறை ஒரு பிஜி மாணவி நானோ வெள்ளி வில்லை வைத்தாள். சுற்றிலும் கிருமி வளராத வட்டம் நூலளவுதான். பாவம், அழுதுவிட்டாள். துகள் தட்டிலுள்ள அகார் கூழில் நகராது, வரும் அயனியையும் அகாரில் உள்ள உப்பின் குளோரைடு பிடித்துவிடும். கிருமி வளர்க்கும் திரவத்தில் போட்டுச் சோதித்தபோது கிருமி வளரவே இல்லை. ஆனால் புண்ணிலும் உப்பும் புரதமும் உண்டு என்பதை மறக்கக் கூடாது.

அப்புறம், வெள்ளிக்கும் தப்பும் கிருமி உண்டு. பாஸ்டனில் ஒரு தீக்காய வார்டில் சில்வர் நைட்ரேட் என்ற வெள்ளி மருந்துக்கு அடங்காத சால்மொனெல்லா கிருமி வந்தது 1975-இலேயே பதிவாகியிருக்கிறது.

ஊசி விஷயம்: ஜெல் மேலோடு நின்றுவிடும். எலும்பில் இருப்பதை அது தொடாது. உடலுக்குள் போகும் நானோ வேறு வகை. 2021-இல் கறுப்புப் பூஞ்சைக்கு ஊரெல்லாம் தேடிய லிப்போசோமல் ஆம்போடெரிசின் நினைவிருக்கிறதா? மருந்தைக் கொழுப்புக் குமிழிக்குள் வைத்துக் கிட்னி பாதிப்பைக் குறைத்தார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள அமிகாசினும் அப்படிக் குமிழிக்குள் வருகிறது. 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அது ஒருவகை நுரையீரல் தொற்றுக்கு, மூச்சில் இழுக்க. காலுக்கு இல்லை.

டிரெஸ்ஸிங் சிஸ்டர்:
அக்கா சொன்னது சரி, ஆனால் ஜெல்லை ரொம்பத் தூக்கிப் பேசிவிட்டார். புண்ணின் மேல் மஞ்சள் படலம் இருக்கும்வரை எதைப் பூசினாலும் வீண். கிருமி அதற்குள் கூடு கட்டி உட்கார்ந்திருக்கும். சர்ஜன் சுரண்டி எடுக்க வேண்டும். சர்க்கரைக் கால் புண் ஆறுவதற்காக வெள்ளிக் கட்டு போட வேண்டாம் என்றுதான் 2023 சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது. வெள்ளித் துணி கொடுத்தால் உறையைப் படியுங்கள். எங்கள் வார்டில் வருவதை நனைக்கச் சலைன் (உப்புநீர்) கூடாது, ஸ்டெரைல் வாட்டர்தான். அக்கா சொன்ன அதே குளோரைடு. எக்ஸ்ரே எடுத்தீர்களா? அப்பா அந்தக் காலை ஊன்றித்தான் நடக்கிறாரா?

சாத்தூர்க்காரன்:
ஊன்றித்தான் நடக்கிறார் சிஸ்டர், கடைக்குப் போகாமல் இருக்க முடியாதாம். எக்ஸ்ரே இதுவரை யாரும் கேட்கவில்லை, நாளைக்கு எடுக்கிறோம். பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றியாயிற்று, சொந்தக்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். சர்க்கரைக் காலுக்கான மெத்தென்ற எம்சிஆர் ரப்பர் செருப்பு கோவில்பட்டிப் பக்கம் எங்கே கிடைக்கும்?