பிரின்டர் தன்ட பாட்டுல தாள் தள்ளுது, எப்படி நிப்பாட்டுறது?

களுவாஞ்சிகுடி_ரியூசன்:
கறுப்பு வெள்ளை லேசர் பிரின்டர், வைஃபையில ஓடுது, கொம்பியூட்டர் விண்டோஸ் 10. மூண்டு விதமா தாள் வீணாகுது.
கரண்ட் போய் வந்தா, ஓன் பண்ணின உடனே ஒவ்வொரு தாளிலயும் மேல ஒரு வரி விளங்காத எழுத்து, மிச்சமெல்லாம் வெள்ளை. இருவது முப்பது தாள் போயிரும். கென்சல் குடுத்தா 'டிலீட்டிங்' எண்டே நிக்குது.
இடைக்கிடை ஒருத்தரும் பிரின்ட் குடுக்காத நேரத்தில 'கெட்' எண்டு தொடங்கி 'எச்டிடிபி' எண்டு முடியிற ஒரு வரியோட ஒரு தாள் வருது.
மற்றது, வினாத்தாள் அடிக்கக்குள்ள நடுவுல வெறுந்தாள் சேர்ந்து வருது. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

கல்லடி_வாவிக்கரை:
தம்பி, மூண்டுக்கும் காரணம் வேற வேற. முதலாவதைச் சொல்றன்.
நீங்க குடுக்கிற வினாத்தாளை ட்ரைவர் எண்ட சொஃப்ட்வேர் பிரின்டருக்கு விளங்கிற கட்டளையா மாத்தி அனுப்பும். 'இனி வாறது எழுத்தில்ல, கட்டளை' எண்டு சொல்ற பகுதி தொடக்கத்தில இருக்கும். பாதியில கரண்ட் போனா அந்தத் தொடக்கம் அறுந்திரும். மிச்சத்தைப் பிரின்டர் வெறும் எழுத்தா வாசிக்கும். அதுக்குள்ள 12ஆம் இலக்கக் குறி வந்தா, அது 'தாளை வெளிய தள்ளு' எண்டதுக்கான குறி. அதான் ஒரு வரியோட தாள் வெளிய வருது.
பிரின்டரை ஓஃப் பண்ணினா மட்டும் காணாது. வேலை கொம்பியூட்டர் டிஸ்கில கிடக்கும், திரும்ப ஓன் ஆனதும் அனுப்பும். இப்படிச் செய்யுங்க: பிரின்டர் வயரைச் சுவரிலிருந்து கழட்டி ஒரு நிமிசம் விடுங்க. விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அமத்தி 'சேர்விசஸ் டொட் எம்எஸ்சி' (services.msc) எண்டு அடிச்சு, பிரின்ட் வேலையை வரிசையில வெச்சு அனுப்புற 'பிரின்ட் ஸ்பூலர்' மேல ரைட் கிளிக் பண்ணி 'ஸ்டொப்' குடுங்க. பிறகு சி ட்ரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரின்டர்ஸ் எண்டு உள்ள போங்க. எஸ்பிஎல், எஸ்எச்டி எண்டு முடியிற ஃபைல் கிடக்கும். அதுகளை மட்டும் அழிங்க, ஃபோல்டரை அழிக்க வேணாம். ஸ்பூலரை 'ஸ்டார்ட்' பண்ணிப்போட்டுத்தான் பிரின்டரைப் போடணும். ஃபோனில இருந்தும் பிரின்ட் குடுக்கிறீங்க எண்டா அங்க காத்துக் கிடக்கிற வேலையையும் கென்சல் பண்ணுங்க, அதை ஆக்கள் மறந்திருவாங்க.
இவ்வளவும் செய்தும் டெஸ்ட் பேஜே குப்பையா வந்தா ட்ரைவர் பிழை. விண்டோஸில இருந்து பிரின்டரை ரிமூவ் பண்ணி, உங்கட மொடலுக்கெண்டு உள்ள ட்ரைவரையே போடுங்க.

கல்முனை_நெட்வேர்க்:
அண்ணன் சொன்னது சரி. ரெண்டாவது 'கெட்' தாள் பிரின்டர் பழுதில்ல. நெட்வேர்க் பிரின்டர் 9100 எண்ட போர்ட்டை, அதாவது தரவு வாற வாசலை, திறந்து வெச்சிருக்கும், அதுல எது வந்தாலும் அடிச்சுத் தள்ளும். வெப்சைட் எண்டு நினைச்சு யாரோ தட்டிப் பாக்கிற வரிதான் அது. ஒண்டு வீட்டுக்குள்ளயே நெட்வேர்க்கை ஸ்கேன் பண்ணுற அப், இல்லாட்டி ரவுட்டர் அந்தப் போர்ட்டை வெளியுலகத்துக்குத் திறந்து விட்டிருக்கு. ரவுட்டர் திறந்து விட்டிருக்கு எண்டா வெறும் தாள்ப் பிரச்சினை இல்ல, வெளியில இருந்து எவரும் உங்கட பிரின்டருக்குள்ள வரலாம். இண்டைக்கே பாருங்க.
ரவுட்டர் செட்டிங்கில 'போர்ட் ஃபோர்வேர்டிங்'ல 9100 இருந்தா அழிங்க. வெளியில இருந்து வாறதை உள்ள விடுற 'டிஎம்இசட்'டையும், தானா போர்ட் திறக்கிற 'யூபிஎன்பி'யையும் ஓஃப் பண்ணுங்க. பிரின்டரின்ட ஐபியை (நெட்வேர்க்கில அதுக்குள்ள முகவரி) பிரவுசர்ல அடிச்சு உள்ள போய் அட்மின் பாஸ்வேர்ட் போடுங்க. ரவுட்டர் இல்லாம ஃபோன் நேரா பிரின்டரோட சேர்ற 'வைஃபை டிரெக்ட்' பாவிக்கிறதில்ல எண்டா அதையும் மூடுங்க, இல்லாட்டி அயல்வீட்டு ஃபோன்லயும் உங்கட பிரின்டர் காட்டும்.
ரவுட்டர்ல பிரின்டருக்கு ஒரு நிரந்தர ஐபியும் ஒதுக்குங்க. ஐபி மாறினா வேலை வரிசையில தேங்கி, தொடர்பு திரும்பின நேரம் பழைய வினாத்தாள் எல்லாம் ஒரேயடியா வரும்.

அக்கரைப்பற்று_டீச்சர்:
வெறுந்தாளுக்குக் கணக்குப் பாருங்க தம்பி. பிரின்டரின்ட விபரம் காட்டுற கொன்ஃபிகரேஷன் பேஜை அடிச்சு அதுல உள்ள பக்க எண்ணிக்கையைக் குறிங்க. பத்துப் பக்கம் அடிச்சிட்டு அதே பேஜைத் திரும்ப எடுங்க. வெறுந்தாள் எண்ணிக்கையில ஏறியிருந்தா அது டொக்கியுமென்டில உள்ள வெற்றுப் பக்கம், இல்லாட்டி வேலைகளைப் பிரிக்க நடுவுல தாள் விடுற 'செபரேட்டர் பேஜ்' செட்டிங். ஏறாட்டி ரோலர் ரெண்டு தாளைச் சேர்த்து இழுத்திருக்கு.
கார்த்திகை, மார்கழி மழைக்கு இந்தக் கரையோரத்தில திறந்த பக்கெட் தாள் ஈரம் பிடிச்சு ஒண்டோட ஒண்டு ஒட்டும். மிச்சத்தைப் பொலித்தீனில இறுக்கிக் கட்டி வைங்க. ட்ரேயில ஐம்பது தாளுக்கு மேல போடாதீங்க, போடமுதல் விளிம்பை விசிறி விடுங்க. ரோலரைத் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச, நூல் உதிராத துணியால துடைச்சுக் காயவிட்டுப் பூட்டுங்க.

களுவாஞ்சிகுடி_ரியூசன்:
டீச்சர், எண்ணிக்கை ஏறல்ல, ஈரத்தாள்தான். ரவுட்டர்ல 9100 திறந்து கிடந்தது, மூடிட்டன். கரண்ட் போறதுக்கு 650 விஏ யூபிஎஸ்ல (கரண்ட் போனா பெட்டரியில ஓட்டுற பெட்டி) பிரின்டரைக் குடுக்கலாமா?

கல்லடி_வாவிக்கரை:
வேணாம் தம்பி. லேசர் சூடாகிற நேரம் இழுக்கிற கரண்டைச் சின்ன யூபிஎஸ் தாங்காது. கொம்பியூட்டரையும் ரவுட்டரையும் அதுல குடுங்க, பிரின்டரை நேரா சுவர் பிளக்கில குடுங்க. கரண்ட் போன உடனே கொம்பியூட்டர்ல அந்த வேலையைக் கென்சல் பண்ணிப் போட்டா, திரும்ப வரக்குள்ள அனுப்ப ஒண்டும் இருக்காது.