புதுப்பிப்பு: காப்பி நாற்றங்காலில் நூற்புழு, வேப்பம் புண்ணாக்கு பலித்ததா?

காப்பி நாற்றுகள் மஞ்சளாகி வளராமல் நிற்கின்றன, சல்லி வேர்கள் பழுப்பாக அழுகுகின்றன என்று முன்பு எழுதியிருந்தேன். பரிசோதனையில், மண்ணில் வாழ்ந்து வேரைத் தாக்கும் நுண்ணிய புழுவான வேர் அழுகல் நூற்புழுதான் காரணம் என்று தெரிந்தது. வேரில் முடிச்சே இல்லை, நூற்புழுவாக இருக்காது என்று நான் வாதாடியது தவறு; முடிச்சு போடுவது வேறு இனம்.

பலர் சொன்னபடி, நாற்றுப் பைகளில் நிரப்பும் மண் கலவையில் வேப்பம் புண்ணாக்கு சேர்த்தேன். முதல் தொகுதி என் அவசரத்தால் கருகியது. கலந்த மூன்றாம் நாளே நட்டுவிட்டேன்! புண்ணாக்கு மட்கும்போது வெளிவரும் அம்மோனியா புழுவை மட்டுமல்ல, இளவேரையும் விடாது. அடுத்த தொகுதிக்குக் கலவையை ஈரமாக்கி மூன்று வாரம் ஆறவிட்டேன். இப்போது பிரித்துப் பார்த்த ஐந்து பைகளில் நான்கில் வெள்ளை வேர்கள் நன்றாக இறங்கியிருக்கின்றன. ஒன்றில் மட்டும் பழுப்புத் தழும்பு.

ஆக, புண்ணாக்கு புழுக்களைக் குறைக்கிறது, துடைத்தெடுக்கவில்லை. அடுத்த முறை மண்ணை நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் மூடி, ஆறு வாரம் கடும் வெயிலில் வைத்த பிறகுதான் புண்ணாக்கு கலப்பேன். பழைய நாற்றுகளை எரித்துவிட்டேன். வேரோடு புழுவையும் தோட்டத்துக்குக் குடியேற்ற மனம் வரவில்லை.