பத்தாவது முடிச்ச பையன்: ஐடிஐ-யா, நேரா ஒர்க்‌ஷாப்பா?

தக்கலைக்காரன்:
தம்பி பத்தாவது பாஸ். கார் மெக்கானிக் ஆவேன்னு ஒத்தக்கால்ல நிக்கான். வீட்டுல ஐடிஐ-க்கு போகச் சொல்லுதாவ, அவன் மார்த்தாண்டத்துல ஒரு ஒர்க்‌ஷாப்ல நாளைக்கே சேருதேங்கான். எது சரி? என்ன டூல்ஸ் வாங்கணும்? வண்டி கம்ப்யூட்டர்ல இருக்குற பிழைக் கோடைப் படிக்கிற ஸ்கேனர் இப்பமே வேணுமா?

பதினாலு பானா:
ஐடிஐ முதல்ல. நாகர்கோவில் பக்கம் கோணம்ங்கிற ஊர்ல அரசு ஐடிஐ இருக்கு. மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் 2 வருஷம், டீசல் மெக்கானிக் 1 வருஷம். காருன்னா முதல்ல சொன்னதுதான். அந்த சர்ட்டிஃபிகேட் இருந்தா அப்ரண்டிஸ் வேலைக்கு மனு போட உதவும். லீவு நாள்ல ஒர்க்‌ஷாப்ல நிக்கட்டும்.

தொடக்கத்துல வீல் கழத்துற வேலைதான் கிடைக்கும், சடைக்கக் கூடாது. நட்டை முதல்ல கையால மூணு சுத்து ஏத்தணும். பிறகு எதிரெதிரா முறுக்கி, வண்டியைத் தரையில இறக்கிட்டு முறுக்கு அளவு காட்டுற டார்க் ரெஞ்ச் வைக்கணும். எத்தனை நியூட்டன் மீட்டர் (முறுக்கோட அளவு) வைக்கணும்னு அந்த வண்டி மேனுவல்ல இருக்கும். எடுத்த எடுப்புலயே இம்பாக்ட் கன்னால (நட்டை வேகமா முறுக்குற மெஷின்) அடிச்சா மறை போயிரும். முறுக்கு சமமா இல்லன்னா டிஸ்க்கும் கோணும், பிரேக் பிடிச்சா ஸ்டியரிங் ஆடுதுன்னு வண்டி திரும்பி வரும்.

குளச்சல் காத்து:
டூல்ஸ்: 8 முதல் 19 மி.மீ. வரை ரிங் பானா, அரை இஞ்ச் பாக்ஸ் செட், சின்ன இடைவெளி அளக்குற ஃபீலர் கேஜ், வோல்ட் பாக்குற மல்டிமீட்டர், தூக்கின வண்டியைத் தாங்குற ரெண்டு ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகவே கூடாது. ஸ்கேனர் பிறகு போதும். பி0171 கோடு (எரிபொருளை விட காத்து அதிகம்னு அர்த்தம்) வந்தா ஆக்சிஜன் சென்சாரை மாத்துறவங்கதான் அதிகம். இன்ஜினுக்குக் காத்து போற இன்டேக் ஹோஸ்ல வெடிப்பு விழுந்து காத்து இழுத்தாலும் அதே கோடுதான் வரும்.

நம்ம கடக்கரைக்கு உப்புதான் பெரிய பாடம். மீன் வண்டியில ஐஸ் தண்ணி சொட்டி பிரேக் பைப்பும், பேட்டரி மைனஸை இன்ஜினோட சேக்குற எர்த் கேபிளும் அரிச்சிரும். செல்ஃப் மெதுவா சுத்துதுன்னு உடனே ஸ்டார்ட்டரைக் கழத்தாதீங்க. முதல்ல பேட்டரி நல்லா இருக்கான்னு பாத்துட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வச்சு, ஒரு முனை பேட்டரி மைனஸ்ல, மறுமுனை இன்ஜின் பிளாக்ல பிடிச்சுட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லணும். 0.2 வோல்ட்டுக்குள்ள நின்னா எர்த் சரி. அரை வோல்ட் காட்டினா எர்த் கேபிள்தான் குற்றவாளி. கழத்தி, உலோகம் பளபளக்கிற வரை சுரண்டி, முறுக்கின பிறகு வாசலின் தடவணும். மொதல்லயே தடவுனா தொடர்பு சரியா வராது.

பிரேக்ல இருந்து காத்தை வெளியேத்துற பிளீடர் நிப்பிள் துரு ஏறியிருந்தா அதுக்கு ஆறு முனை பாக்ஸ் போடணும். பன்னிரண்டு முனை தலையை வழுக்கிரும்.

தக்கலைக்காரன்:
ரொம்ப நன்றி. டீசல் 1 வருஷம் போதாதா?

பதினாலு பானா:
குலசேகரம் பக்கம் ஜீப்பு, டெம்போன்னு இருந்துக்கலாம்னா தாராளம். ஒண்ணு மட்டும் தம்பிக்கிட்ட சொல்லிரும். பழைய டீசல்ல இன்ஜின் ஓடும்போதே டீசல் பைப் நட்டை லூஸ் பண்ணி எந்த சிலிண்டர் வேலை செய்யலன்னு பாப்பாங்க. எல்லா சிலிண்டருக்கும் ஒரே குழாய்ல இருந்து உயர் அழுத்த டீசல் போற காமன் ரயில் இன்ஜின்ல அதைச் செய்யவே கூடாது. 1000 பாருக்கு மேலயும் (சாதாரண காத்தழுத்தம் மாதிரி ஆயிரம் மடங்கு) அழுத்தம் ஏறும், டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிரும். சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், வலிகூட இருக்காது. ஆனா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும், இல்லன்னா விரலையே எடுக்க வேண்டி வரும்.