நம்ம குடும்பம், செம்பூர்

செல்வி சித்தி: கார்த்திக்குக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லை. மலேரியா, டெங்கு இரண்டும் இல்லையாம். உடம்பெல்லாம் தடிப்பு, ராத்திரி முழுக்க இருமல்.

பெரியப்பா: வயிற்றில் பூச்சி. வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடு.

கௌசல்யா: சித்தி, ரத்த ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போடுங்கள்.

செல்வி சித்தி: 📷

கௌசல்யா: ஈசினோஃபில் என்ற வெள்ளை அணு 34 சதவீதமா! 6-க்குள் இருக்க வேண்டியது, உடம்பில் புழு இருந்தால் ஏறலாம். பெரியப்பா சொன்னது பாதி சரிதான் 😄 டேய் கார்த்திக், தான்சானியாவில் ஏரி, குளம் எதிலாவது இறங்கினாயா?

கார்த்திக்: கிளம்புவதற்கு முந்தின வாரம் முவான்சாவில், விக்டோரியா ஏரியில் குளித்தோம். ஒரு வாய்த் தண்ணீர்கூட குடிக்கவில்லை அக்கா.

கௌசல்யா: குடிக்கவே வேண்டாம்டா. அங்கே நத்தையிலிருந்து வரும் குட்டிப் புழு தோலைத் துளைத்தே உள்ளே போய்விடும். ஷிஸ்டோசோமா, பில்ஹார்சியா என்பார்கள். சில வாரம் கழித்து இப்படித்தான் காய்ச்சல், தடிப்பு, இருமல் வரும். அதற்குக் கட்டயாமா காய்ச்சல் என்று பெயர். உனக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை, ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மணி சித்தப்பா: மலப் பரிசோதனையில் ஒன்றும் இல்லையேம்மா?

கௌசல்யா: இப்போது இருக்காது சித்தப்பா. புழு வளர்ந்து முட்டை போட்டு அது வெளியே தெரிய ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். அப்போதும் முட்டை கொஞ்சமாகத்தான் வரும், வேறு வேறு நாளில் மூன்று தடவை கொடுக்க வேண்டும். சிறுநீரில் முட்டை வருகிற வகையும் உண்டு, அதற்குப் பகல் 10 மணியிலிருந்து 2 மணிக்குள் பிடிக்க வேண்டும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனையும் கேளுங்கள். அதுவும் சீக்கிரமே பார்த்தால் இல்லை என்று வரலாம், பிறகு திரும்பப் பார்க்க வேண்டும்.

பெரியப்பா: நம் நாட்டில் இல்லாத நோயா?

கௌசல்யா: இங்கே அபூர்வம். ரத்னகிரி மாவட்டத்தில் கிம்வி என்ற ஊரில் இந்த நோய் இருப்பதாக 1952-லேயே எழுதியிருக்கிறார்கள். அபூர்வம் என்பதால்தான் டாக்டருக்குச் சட்டென்று தோன்றாது. உட்கார்ந்ததும் ஏரிக் கதையை முதலில் சொல்லுங்கள்.

செல்வி சித்தி: பூச்சி மாத்திரை ஒன்று கொடுத்தேனே?

கௌசல்யா: அல்பெண்டசோலா? அது இதற்குக் கேட்காது சித்தி. இதற்குப் பிராசிகுவாண்டல். அதுவும் வளர்ந்த புழுவைத்தான் கொல்லும், குட்டிப் புழு தப்பிவிடும். எப்போது கொடுப்பது, திரும்பக் கொடுப்பதா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

கார்த்திக்: என்னோடு குளித்தவர்கள் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?

கௌசல்யா: பலருக்கு அறிகுறியே இருக்காது, வருஷக்கணக்கில் உள்ளேயே இருக்கும். அவர்களையும் பார்க்கச் சொல்.

கார்த்திக்: சரி அக்கா, ஆபீஸ் குரூப்பில் போட்டுவிடுகிறேன்.

மணி சித்தப்பா: நாளைக் காலை தொற்றுநோய் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்து வை செல்வி.