கோலாலம்பூர்–திருச்சி: ஈர்ப்பு மாதிரி ஏன் இவ்வளவு குறைத்துக் காட்டுகிறது?

பினாங்கு மாணவி:
வணக்கம். கோலாலம்பூரிலிருந்து இந்திய நகரங்களுக்குப் பயணிகள் எப்படிப் பிரிகிறார்கள் என்று முதுகலை ஆய்வுக்காகக் கணக்கிடுகிறேன். இரு நகரங்களின் மக்கள்தொகையைப் பெருக்கி, தூரத்தின் ஓர் அடுக்கால் (power) வகுக்கும் ஈர்ப்பு மாதிரிதான். பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் ஓரளவு ஒத்துவருகிறது. திருச்சிக்கு வரும் எண்ணோ, உண்மையில் பறப்பவர்களுக்குக் கிட்டவே இல்லை. சென்னையும் ஏறத்தாழ அதே தூரம் என்பதால் அடுக்கை மாற்றியும் பயனில்லை. திருச்சியை விதிவிலக்கு என்று நீக்கிவிடலாமா?

சிப்பாங் பழையவர்:
நீக்கிவிடாதீர்கள், தங்கச்சி. நான் செக்-இன் கவுண்டரில் பல வருடங்கள் நின்றவன். திருச்சி வரிசையில் வரும் பெட்டிகளைப் போய்ப் பாருங்கள். நைலான் கயிறு இறுக்கி, மைலோ டின்கள் புடைத்துக்கொண்டு, மேலே மார்க்கரில் பெயரும் ஊரும் இருக்கும்: அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, மன்னார்குடி, காரைக்குடி. திருச்சி என்று எழுதிய பெட்டி அபூர்வம். நீங்கள் 2011 கணக்கெடுப்பின் மாநகராட்சி எண்ணை, சுமார் 9 லட்சத்தை, போட்டிருப்பீர்கள். அந்த விமான நிலையத்தை நம்பியிருப்பது காவிரிப் படுகையும் செட்டிநாடும். மாவட்டங்களைக் கூட்டுங்கள். அதோடு உறவுக்கென்று ஒரு மாறியும் வேண்டும். மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் வந்ததில் திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் இன்றும் போகிறார்கள். இதை விட்டுவிட்டு எந்தச் சூத்திரம் போட்டாலும் நம் மக்கள் அதில் இருக்கமாட்டார்கள்.

பாயான் லெப்பாஸ்:
அண்ணன் சொல்வது சரி. அட்டவணையில் பயணிகளே இல்லாத பூஜ்யக் கட்டங்களையும் கவனியுங்கள். 2024 டிசம்பரில் இண்டிகோ சென்னை–பினாங்கு நேரடிச் சேவையைத் தொடங்கியது. அதற்கு முந்தைய மாதங்களில் அந்தக் கட்டம் காலி. ஆனால் பினாங்குக்காரர்கள் கோலாலம்பூரில் விமானம் மாறிப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் கோலாலம்பூர்–சென்னைக் கணக்கில் ஒளிந்திருக்கிறார்கள். விமானவாரியான எண்ணிக்கை போதாது. பயணம் தொடங்கிய ஊரும் முடிந்த ஊரும் வேண்டும். மடக்கை (log) எடுத்துக் கோடு பொருத்தினால், பூஜ்யத்துக்கு மடக்கை இல்லாததால் பூஜ்யக் கட்டங்கள் உதிர்ந்துவிடும். பொருளியலாளர்கள் சான்டோஸ் சில்வாவும் டென்ரேரோவும் 2006இல் பரிந்துரைத்த பாய்சான் (Poisson) முறை, எண்ணிக்கையை மடக்கை எடுக்காமல் அப்படியே பொருத்துவதால் அவை நிற்கும். முடிந்தால் இந்தோனேசியாவின் மேடான்–பினாங்கு வழித்தடத்திலும் சோதியுங்கள். அங்கே பயணிகளை இழுப்பவை பினாங்கு மருத்துவமனைகள்.

பினாங்கு மாணவி:
மாவட்டங்களைக் கூட்டியதும் இடைவெளி நன்றாகக் குறைந்தது, அண்ணா. காரைக்குடி மதுரைக்கும் ஏறத்தாழ அதே தூரம்தானே? எப்படிப் பங்கிடுவது?

சிப்பாங் பழையவர்:
சாலைத் தூரத்தை மட்டும் வைத்துப் பங்கிடாதீர்கள். மதுரையில் சர்வதேசச் சேவை குறைவு. வாரத்துக்கு எத்தனை விமானம் என்பதையும் எடையாக வையுங்கள். காரைக்குடியில் பெரும்பங்கு திருச்சிப் பக்கமே சாயும்.