பிளகின் அப்டேட் பாதியில் நின்று கடைத் தளம் திறக்கவில்லை, ஞாயிறு பேக்கப்பை ரீஸ்டோர் செய்தால் ஆர்டர்கள் போய்விடுமா?

சென்னிமலை_விசு:

வணக்கம். மாமாவுக்குச் சென்னிமலையில் கைத்தறிப் போர்வை வியாபாரம், ஆன்லைன் விற்பனையை நான் பார்த்துக்கொள்கிறேன். தளம் வேர்ட்பிரஸ், கடைப் பகுதி வூகாமர்ஸ். செய்து கொடுத்த டெவலப்பர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார், போன் போட்டால் எடுப்பதில்லை. மார்கழிக் குளிரில்தான் எங்களுக்கு வியாபாரமே, ஒரு நாளைக்கு ஏழெட்டு ஆர்டராவது வந்துகொண்டிருந்தது.

நேற்று இரவு டாஷ்போர்டில் காத்துக்கிடந்த பிளகின்கள், அதாவது கூடுதல் வசதிக்காகத் தளத்தில் சேர்த்த துணை நிரல்கள் எல்லாவற்றையும் டிக் செய்து மொத்தமாக அப்டேட் கொடுத்தேன். சுற்றிக்கொண்டே இருந்தது, முடியவில்லை. வேறு டேபில் தளத்தைத் திறந்தால் பராமரிப்பு நடக்கிறது, ஒரு நிமிடத்தில் மறுபடி வாருங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அந்த வரி போய்விட்டது, அதற்குப் பதில் இந்தத் தளத்தில் கடுமையான பிழை, அட்மின் மெயிலைப் பாருங்கள் என்று வேறு வாசகம். அட்மின் பக்கம் போனாலும் அதேதான். மெயில் எதுவும் வரவில்லை, ஸ்பேமிலும் இல்லை.

ஹோஸ்டிங் ஆட்களிடம் சாட்டில் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பேக்கப் இருக்கிறது, ரீஸ்டோர் கொடுத்துவிடுங்கள், அரை மணி நேரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். இன்று வியாழன். நடுவில் வந்த ஆர்டர்கள் எல்லாம் என்ன ஆகும்? பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனல் வரைக்கும் தெரியும், கமாண்ட் லைன் எல்லாம் தெரியாது. யாராவது கொஞ்சம் சொல்லுங்களேன்.

பட்டன்_தட்டுபவர்:

ரீஸ்டோர் கொடுத்துட்டுப் போங்க ப்ரோ, மண்டையைப் போட்டு உடைக்காதீங்க. பணம் கட்டியவர்கள் விவரம் பேமென்ட் கேட்வே டாஷ்போர்டில் இருக்கும், அதைப் பார்த்துக் கையால் ஏற்றிக்கொள்ளலாம்.

கீதா_பிஎச்பி:

விசு, ரீஸ்டோர் பட்டனைத் தொடாதீர்கள். முழு ரீஸ்டோர் என்றால் ஃபைல்களோடு டேட்டாபேஸும் ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விடும். ஆர்டர், புதிய வாடிக்கையாளர் கணக்கு, ஸ்டாக் எண்ணிக்கை எல்லாமே டேட்டாபேஸில்தான் இருக்கின்றன. கேட்வேயில் எவ்வளவு பணம், யார் கட்டினார் என்பது இருக்கும். எந்தப் போர்வை, என்ன நிறம், எந்த முகவரி என்பது பெரும்பாலும் இருக்காது. கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர்கள் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. பாதியில் நின்ற பிளகின் அப்டேட் கெடுத்து வைப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு ஃபோல்டரைத்தான். அதற்காகத் தளம் மொத்தத்தையும் பின்னால் இழுப்பது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

நீங்கள் பார்த்த இரண்டு வாசகங்களையும் வைத்தே பாதி விஷயம் சொல்லிவிடலாம். அப்டேட் தொடங்கும்போது வேர்ட்பிரஸ் தளத்தின் மூல ஃபோல்டரில், பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்த ‘மெயின்டனன்ஸ்’ என்ற குட்டி ஃபைலை எழுதும், முடிந்ததும் அழித்துவிடும். அந்த ஃபைல் இருக்கும்வரை முதல் வாசகம் வரும். ஃபைல் அங்கேயே கிடந்தாலும் 10 நிமிடத்துக்கு மேல் பழையதானால் வேர்ட்பிரஸ் அதைக் கண்டுகொள்ளாது, அதனால்தான் நீங்கள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் வாசகம் மாறிவிட்டது. அதாவது அப்டேட் ஒழுங்காகத் தோல்வி அடையவில்லை, நடுவழியில் செத்திருக்கிறது. ஃபைல் மேனேஜர் செட்டிங்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி டிக் செய்தால் அந்த ஃபைல் தெரியும், அழித்துவிடுங்கள்.

இரண்டாவது வாசகத்தைக் காட்டும் வசதி 2019-இல் வேர்ட்பிரஸ் 5.2 பதிப்போடு வந்தது. பிழை வந்தால் அட்மின் மெயிலுக்கு ஒரு ரெகவரி லிங்க் அனுப்பும், எந்த பிளகினில் பிழை என்றும் அதிலேயே எழுதியிருக்கும். உங்களுக்கு வராததற்கு என் ஊகம், செட்டிங்ஸில் அட்மின் மெயிலாக இன்னும் அந்த டெவலப்பரின் முகவரியே இருக்கிறது. லிங்க் அவருடைய இன்பாக்ஸில் தூங்கிக்கொண்டிருக்கும்.

சரி, மெயில் இல்லாமல் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மூல ஃபோல்டரில் டபிள்யூபி-கான்ஃபிக் ஃபைலை முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு எடிட்டில் திறங்கள். அதில் பிழைகளைக் காட்டச் சொல்லும் டபிள்யூபி டீபக் என்ற வரியில் ஃபால்ஸ் என்று இருக்கும், ட்ரூ ஆக்குங்கள். அதன் கீழேயே டீபக் லாகுக்கு ட்ரூ, டீபக் டிஸ்ப்ளேவுக்கு ஃபால்ஸ் என்று இரண்டு வரி சேருங்கள், முதல் வரி எப்படி எழுதியிருக்கிறதோ அதே அமைப்பில். டிஸ்ப்ளேயை மறக்கவே கூடாது, இல்லாவிட்டால் பிழை வரிகள் எல்லாம் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியும். பிறகு தளத்தை ஒருமுறை திறந்து பாருங்கள், டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டருக்குள் டீபக் லாக் ஃபைல் உருவாகியிருக்கும், அதில் கடைசியாக ஃபேட்டல் எரர் என்று தொடங்கும் வரியை இங்கே போடுங்கள். டொமைன் பெயரையும் யூசர் பெயரையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.

பட்டன்_தட்டுபவர்:

இதற்கு டேட்டாபேஸைத் திறந்து திருத்தும் பிஎச்பிமைஅட்மினில் ஆக்டிவ் பிளகின்ஸ் வரியைக் காலி செய்தால் எல்லாம் ஒரே தட்டில் ஆஃப் ஆகிவிடுமே?

கீதா_பிஎச்பி:

ஆகும். பிறகு எது ஆனில் இருந்தது, எது ஆஃபில் இருந்தது என்று நினைவில் வைத்து மறுபடி ஆன் செய்வது யார்? பேமென்ட் பிளகினும் சேர்ந்து ஆஃப் ஆகும், தளம் திறந்திருக்கும், பணம் மட்டும் கட்ட முடியாது. லாக் கிடைக்காவிட்டால் பார்க்கலாம்.

சென்னிமலை_விசு:

அக்கா, லாக் வந்துவிட்டது. ஒரு கிளாஸ் கிடைக்கவில்லை, அதாவது ‘கிளாஸ் நாட் ஃபவுண்ட்’ என்று இருக்கிறது. பிழை வந்த இடம் என்று அது காட்டும் ஃபைல் எங்கள் கடைப் பெயரிலேயே இருக்கும் ஒரு சின்ன பிளகின், கூரியர் கட்டணத்துக்காக அந்த டெவலப்பர் எழுதியது. எனக்குக் குழப்பமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தச் சின்ன பிளகினுக்கு அப்டேட்டே வந்ததில்லை, நேற்று டிக் செய்த பட்டியலிலும் அது இல்லை. தொடாத ஒன்று எப்படிக் கெடும்?

கீதா_பிஎச்பி:

அது கெடவில்லை, அநாதையாகி நிற்கிறது. அவர் அந்தச் சின்ன பிளகினை வேறொரு பெரிய ஷிப்பிங் பிளகினின் மேல் சாய்த்து எழுதியிருப்பார், கிடைக்கவில்லை என்கிற கிளாஸ், அதாவது அந்த நிரல் துண்டு, அந்தப் பெரியதற்குள் இருக்க வேண்டியது. பிளகின்ஸ் ஃபோல்டரில் சின்னதன் ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் -ஆஃப் என்று சேர்த்துப் பெயர் மாற்றுங்கள். ஃபைல் காணோம் என்று வேர்ட்பிரஸ் அதை விட்டுவிடும், அட்மின் திறக்கும். திறந்ததும் பிளகின்ஸ் பக்கம் போய் மேலே என்ன அறிவிப்பு வருகிறது என்று சொல்லுங்கள். ஒன்று முக்கியம், அந்தப் பக்கத்தில் எதற்கும் டிலீட் கொடுக்காதீர்கள். ஃபோல்டர் பெயரை மாற்றினால் செட்டிங்ஸ் டேட்டாபேஸில் அப்படியே இருக்கும். டிலீட் கொடுத்தால் சில பிளகின்கள் போகிற போக்கில் தங்கள் டேட்டாவையும் துடைத்துவிட்டுப் போகும்.

சென்னிமலை_விசு:

அட்மின் திறந்துவிட்டது! தளமும் திறக்கிறது, ஆர்டர்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, நேற்று மாலை திருப்பூரில் இருந்து வந்த ஆர்டர் உட்பட. ஆனால் பிளகின்ஸ் பக்கத்தில் இரண்டு அறிவிப்பு: சின்ன பிளகின் ஃபைல் இல்லாததால் நிறுத்தப்பட்டது, ஷிப்பிங் பிளகினும் ஃபைல் இல்லாததால் நிறுத்தப்பட்டது. போய்ப் பார்த்தால் பிளகின்ஸ் ஃபோல்டரில் ஷிப்பிங் பிளகினின் ஃபோல்டரே இல்லை! நான் அதைத் தொடவே இல்லை. பின்கோடு வாரியாக மாமா உட்கார்ந்து போட்ட கட்டணம் எல்லாம் அதில்தான். அது காசு கொடுத்து வாங்கியது, லைசென்ஸ் டெவலப்பர் பெயரில் இருக்கிறது, மறுபடி டவுன்லோடு செய்யவும் முடியாது.

கோவை_சர்வர்காரர்:

தம்பி, பதற வேண்டாம், ஃபோல்டர் அநேகமாக உங்கள் சர்வரிலேயேதான் இருக்கிறது. டபிள்யூபி-கன்டென்ட் உள்ளே அப்கிரேட்-டெம்ப்-பேக்கப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் பிளகின்ஸ். திறந்து பாருங்கள்.

2023-இல் வந்த 6.3 பதிப்பில் இருந்து, ஒரு பிளகினை அப்டேட் செய்யும்போது வேர்ட்பிரஸ் பழைய ஃபோல்டரை முதலில் அங்கே நகர்த்தும், பிறகு புதியதைக் கொண்டுவந்து வைக்கும். புதியதை வைக்க முடியாவிட்டால் பழையதைத் திருப்பி வைக்கும் வேலை அப்டேட்டை நடத்தும் அந்த பிஎச்பி நிரல் ஓட்டத்தின் கடைசியில், முடியும் தறுவாயில் நடக்கும். பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் மெமரியோ சிபியூவோ வரம்பைத் தாண்டி, சர்வர் அந்த ஓட்டத்தையே வெளியில் இருந்து கொன்றுவிட்டால் கடைசி வரைக்கும் வராது. பழையது நகர்ந்துவிட்டது, புதியது வரவில்லை, திருப்பி வைக்க ஆள் இல்லை. உங்களுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். ஆனில் இருக்கும் பிளகினின் ஃபைல் இல்லாவிட்டால் வேர்ட்பிரஸ் பேசாமல் தாண்டிப்போகும், பெரியது காணாமல் போனதால் மட்டும் தளம் விழுந்திருக்காது. அதை நம்பி நின்ற சின்னதுதான் விழ வைத்திருக்கிறது.

அந்தத் தற்காலிக ஃபோல்டரை வாரம் ஒருமுறை வேர்ட்பிரஸே சுத்தம் செய்யும். அதனால் இன்றே எடுங்கள், முதலில் உங்கள் கம்ப்யூட்டருக்கு ஒரு நகல், அப்புறம் மூவ்.

சென்னிமலை_விசு:

அண்ணா, இருக்கிறது!! பழைய பதிப்பு முழு ஃபோல்டரும் அப்படியே. ஜிப் செய்து இறக்கிக்கொண்டேன், பிறகு பிளகின்ஸ் ஃபோல்டருக்கு மூவ் செய்து ஆக்டிவேட் கொடுத்தேன், பின்கோடு கட்டணங்கள் எல்லாம் வந்துவிட்டன. அதன் பிறகு சின்னதன் பெயரைப் பழையபடி மாற்றி அதையும் ஆன் செய்தேன். சோதனைக்கு ஒரு ஆர்டர் போட்டுப் பார்த்தேன், ஈரோட்டுக்கும் சென்னைக்கும் கூரியர் கட்டணம் சரியாகக் காட்டுகிறது. மாமாவிடம் இன்னும் நடந்ததைச் சொல்லவில்லை.

பட்டியலில் மீதி பிளகின்கள் பாதிக்கு அப்டேட் ஆகிவிட்டது, பாதி இன்னும் காத்திருக்கிறது. இனி அப்டேட்டே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? ஓடுகிற வரைக்கும் ஓடட்டும்?

பட்டன்_தட்டுபவர்:

ஓடுகிற வண்டியை எதற்குக் கழற்றணும், விடுங்க ப்ரோ. ரீஸ்டோர் பற்றி நான் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கோவை_சர்வர்காரர்:

விடக்கூடாது. 2024 நவம்பரில் ரியலி சிம்பிள் செக்யூரிட்டி என்ற பிளகினில் ஒரு ஓட்டை வெளியானது. 40 லட்சத்துக்கு மேற்பட்ட தளங்களில் இருந்த பிளகின் அது. பாஸ்வேர்டே இல்லாமல் அட்மினாக நுழைய முடிகிற ஓட்டை, அதுவும் பாதுகாப்புக்காகச் சேர்த்த இரண்டு கட்ட லாகின் வசதிக்குள்ளேயே. தளக்காரர்களுக்காகக் காத்திருக்காமல் வேர்ட்பிரஸ் பிளகின் குழுவே அப்டேட்டைத் தள்ளிவிட்டது, அந்த அளவுக்கு நிலைமை. பணம் புழங்கும் கடையில் அப்டேட் இல்லாமல் இருப்பது உங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதற்காக எல்லாவற்றையும் ஒரே மூச்சில் டிக் செய்யவும் வேண்டாம், ஷேர்டு ஹோஸ்டிங் தாங்காது. சிபேனலில் ரிசோர்ஸ் யூசேஜ் என்ற பக்கம் இருந்தால் நேற்று இரவு நேரத்தைப் பாருங்கள், வரம்பில் முட்டிய தடயம் இருக்கலாம்.

இரவு ஆர்டர் குறைவான நேரத்தில், ஒவ்வொன்றாக, ஒன்று முடிந்து தளத்தைத் திறந்து பார்த்த பிறகு அடுத்தது. தொடங்கும் முன் டேட்டாபேஸை பிஎச்பிமைஅட்மினில் எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள், பிளகின்ஸ் ஃபோல்டரை ஜிப் செய்து இறக்குங்கள், இரண்டும் சர்வரிலேயே கிடந்தால் அது பேக்கப் இல்லை. வூகாமர்ஸைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது அப்டேட் ஆனதும், தேவைப்பட்டால், டேட்டாபேஸையும் அப்டேட் செய்யட்டுமா என்று தனியாகக் கேட்கும். அதற்குச் சரி சொன்ன பிறகு பழைய ஃபைல்களை மட்டும் திருப்பி வைத்தால் சமயத்தில் புதுத் தலைவலி. ஸ்டேஜிங் தளம், அதாவது சோதனைக்கான நகல் தளம், உங்கள் ஹோஸ்டிங்கில் இருந்தால் வூகாமர்ஸை மட்டுமாவது அங்கே ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆட்டோ அப்டேட் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். வேர்ட்பிரஸ் 6.6 பதிப்பில் இருந்து, ஆட்டோ அப்டேட்டில் வந்த பிளகின் ஃபேட்டல் எரர் கொடுத்தால் வேர்ட்பிரஸ் தானே பழைய பதிப்புக்குத் திரும்பும். கையால் அழுத்திய அப்டேட்டுக்கு அந்தச் சோதனை கிடையாது. சின்னச் சின்ன பிளகின்களுக்கு ஆட்டோ போட்டுவிடலாம், ஷிப்பிங், பேமென்ட், வூகாமர்ஸ் மூன்றையும் நீங்களே செய்யுங்கள் என்பது என் கருத்து. அந்த ஷிப்பிங் பிளகினுக்கு உங்கள் பெயரில் லைசென்ஸ் வாங்கச் செலவு ஆகும், மாமாவிடம் அதற்காகவாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

கீதா_பிஎச்பி:

இரண்டு பாக்கி. சின்ன பிளகினின் பிரதான ஃபைலில், அந்தக் கிளாஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இல்லாவிட்டால் திரும்பிவிடு என்று ஒரு வரி சேர்க்க வேண்டும், பிளகின்கள் எல்லாம் லோடு ஆன பிறகு ஓடும்படி. டெவலப்பர் அதைத்தான் விட்டிருக்கிறார். அது இருந்திருந்தால் நேற்றுக் கூரியர் கட்டணம் மட்டும் காணாமல் போயிருக்கும், கடை திறந்தே இருந்திருக்கும். அந்த ஃபைலை இங்கே ஒட்டுங்கள், நான் திருத்தித் தருகிறேன்.

இன்னொன்று, டீபக் மூன்று வரிகளையும் பழையபடி ஆக்கிவிட்டு டீபக் லாக் ஃபைலை இப்போதே அழியுங்கள். பல ஹோஸ்டிங்கில் அந்த ஃபைலை முகவரி தெரிந்த யார் வேண்டுமானாலும் பிரவுசரில் திறந்து படிக்கலாம், முகவரி எல்லா வேர்ட்பிரஸ் தளத்துக்கும் ஒன்றுதான். அட்மின் மெயிலையும் கையோடு மாற்றுங்கள். மாற்றினால் புது முகவரிக்கு உறுதிப்படுத்தும் லிங்க் ஒன்று வரும், அதை அழுத்தும்வரை பழையதுதான் செல்லும். அந்த லிங்கும் வரவில்லை என்றால் உங்கள் சர்வரில் இருந்து மெயிலே போகவில்லை என்று அர்த்தம், ஆர்டர் மெயில்களும் அப்படித்தான் இருக்கும், வெளி மெயில் சர்வர் வழியாக அனுப்ப எஸ்எம்டிபி போட வேண்டியிருக்கும். அப்படியானால் தனி இழையாகக் கேளுங்கள்.